கையை எடுத்த பிறகு

உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சிறு யந்திரத்தை, கறுப்பு வர்ணம் பூசிய பலகையின் மூலையில் மெல்ல வைத்து, அதன் மூக்கு நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, பொத்தானை அழுத்திவிட்டு, அதைச் செய்தவர் கையை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கி நிற்கிறார். அந்தக் க்ஷணத்திலிருந்து அவருக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பட்டம் விடுகிறவன் கையில் நூலாவது மிஞ்சும், இவர் கையில் ரிமோட் இல்லை, ஒயர் இல்லை, "இடது பக்கம், இடது பக்கம்!" என்று கூவினால் கேட்பதற்கு அதற்குக் காதும் இல்லை. பம்பரம் விட்ட சிறுவனின் நிலை ஏறக்குறைய இதுதான் என்றாலும், பம்பரம் எங்கும் போய்ச் சேர வேண்டியதில்லை. நின்ற இடத்தில் சுற்றினால் அதன் ஜன்மம் கடைத்தேறிவிடும். இதுவோ போக வேண்டும். போகிற வழி இன்னதென்று அதற்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. சொல்லி வைக்கவும் முடியாது, ஏனெனில் அந்த வழியே அன்று காலையில்தான் அமைக்கப்பட்டது.

ரோபோப் போட்டி என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவு வருவது, ரம்பமும் சுத்தியலும் தாங்கி ஒன்றையொன்று பிய்த்தெறியும் இரும்பு முரடுகளின் யுத்தமே. அந்த யுத்தத்தில் ரசம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே போரிடுவது கூண்டுக்கு வெளியே ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதனே அன்றி யந்திரம் அன்று. சுயமாக இயங்கும் ரோபோக்களின் போட்டி வேறு ஜாதி. நம் ஊர் எஞ்சினீயரிங் கல்லூரி விழாக்களில் தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டை மோப்பம் பிடித்துக்கொண்டு ஓடுகிறதே 'லைன் ஃபாலோயர்', அது இந்த ஜாதியின் பால பாடம். ஜப்பானிய மல்யுத்தமாகிய சுமோவைப் பின்பற்றி, 77 சென்டிமீட்டர் விட்டமுள்ள கறுப்பு வட்டத்துக்குள், 500 கிராமுக்கு மேற்படாத இரண்டு ரோபோக்களை விட்டு ஒன்றையொன்று வெளியே தள்ளச் செய்வது இன்னொரு வகை; வட்டத்தின் விளிம்பில் உள்ள வெள்ளைக் கோட்டைத் தன் வயிற்றுக்கடியிலுள்ள கண்ணால் கண்டு திரும்பத் தெரியாதது, எதிரி தள்ளாமலே தானாக வெளியே விழுந்து தோற்றுப்போகும். அமெரிக்காவில் ஹார்ட்ஃபர்ட் நகரத்து டிரினிட்டி கல்லூரியில் 1994-ஆம் ஆண்டு தொடங்கிய போட்டியில், சிறு வீடு போன்ற ஒரு மாதிரியைக் கட்டி, ஏதோ ஓர் அறையில் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துவிடுவார்கள்; ரோபோ அறை அறையாகத் தேடிச் சென்று தீயைக் கண்டு அணைக்க வேண்டும். இவற்றுள் எல்லாம் மூத்ததும், என் அபிப்பிராயத்தில் மிகச் சிறந்ததும், 'மைக்ரோமவுஸ்' என்று உலகமெங்கும் வழங்கும் எலிப் பந்தயந்தான்.

எலி என்பது யந்திரத்துக்கு இட்ட செல்லப்பெயர். அது ஓட வேண்டிய புதிர்ப்பாதை 16-க்கு 16 கட்டங்கள் கொண்ட சதுரம். ஒவ்வொரு கட்டமும் 18 சென்டிமீட்டர். சுவரின் உயரம் 5 சென்டிமீட்டர், தடிப்பு 1.2 சென்டிமீட்டர், தரை கறுப்பு, சுவர் வெள்ளை, சுவரின் உச்சி சிவப்பு. ஒரு மூலையில் புறப்பட்டு, நட்டநடுவில் இருக்கும் நான்கு கட்டங்களைச் சென்று அடைய வேண்டும். சுவரைத் தாண்டிக் குதிக்கக் கூடாது, இடிக்கக் கூடாது, வழியில் அடையாளமாக எதையும் போட்டுவிட்டு வரக் கூடாது. கொடுக்கப்பட்ட சில நிமிஷங்களுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் ஓடலாம். அவற்றுள் மிக விரைவான ஓட்டமே கணக்கு. விதி இவ்வளவுதான். சதுரங்கத்துக்குக்கூட இதைவிட விதிகள் அதிகம்.

இந்த எலியின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், செய்தி அனுப்பும் சாஸ்திரத்துக்கே தந்தை என்று போற்றப்படும் கிளாட் ஷானன், பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தபோது 1950-ஆம் ஆண்டு செய்த ஒரு விளையாட்டுப் பொருளில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவர் தம் எலிக்குத் தீசியஸ் என்று கிரேக்க வீரனின் பெயரை வைத்தார். 25 கட்டங்கள் கொண்ட சிறு புதிர்ப்பாதையில் அது முட்டி மோதி வழி கண்டுபிடிக்கும். மறுமுறை அதே இடத்தில் விட்டால் முட்டாமல் மோதாமல் நேரே இலக்குக்குப் போய்விடும். பார்த்தவர்கள் பிரமித்தார்கள். ஆனால் அந்த எலியின் உடம்புக்குள் ஒரு காந்தக் கட்டியைத் தவிர வேறொன்றும் கிடையாது; அதை நடத்தியது பலகைக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருந்த மற்றொரு காந்தம்; வழியை ஞாபகம் வைத்துக்கொண்டது டெலிபோன் நிலையங்களில் உபயோகிக்கும் ரிலேக்களின் கூட்டம். அதாவது உடம்பு மேலே, புத்தி கீழே. இந்த இரண்டையும் ஒரே கூட்டுக்குள் அடைத்து, சக்கரத்தின் மேல் ஏற்றிவிட முடியும் என்ற தைரியம், மைக்ரோபிராஸஸர் என்னும் சில்லு கடைக்கு வந்த பிறகுதான் மனிதருக்கு உண்டாயிற்று.

அந்தத் தைரியத்தைச் சோதிக்கும் அறைகூவல் 1977-ஆம் ஆண்டு 'ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம்' என்ற அமெரிக்கப் பத்திரிகையிலிருந்து கிளம்பியது. சுமார் 6,000 பேர் ஆர்வத்தோடு பெயர் கொடுத்தார்கள். 1979 ஜூன் மாதம் நியூயார்க்கில் இறுதிப் போட்டி நடந்தபோது, யந்திரத்தோடு வந்து நின்றவர்கள் மிகச் சிலரே. கல்யாணத்துக்கு வருகிறேன் என்று தலையாட்டுகிறவர்களுக்கும் பந்தியில் வந்து உட்காருகிறவர்களுக்கும் எப்போதுமே வித்தியாசம் உண்டு என்றாலும், இந்த விகிதம் கொஞ்சம் அதிகந்தான். வேடிக்கை அதுவன்று. அன்று ஜெயித்த 'மூன்லைட் ஃபிளாஷ்' என்ற எலிக்குப் புத்தி என்று சொல்லத்தக்கது ஒன்றுமே இல்லை.

அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பக்கத்துச் சுவரை விடாமல் தடவிக்கொண்டே போவது ஒன்றுதான். இருட்டு வேளையில் மின்சாரம் போய்விட்டால், பழைய வீட்டு ரேழியில் நாம் என்ன செய்கிறோம்? ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, அதை எடுக்காமலே நடந்தால், எத்தனை மூலை திரும்பினாலும் கடைசியில் வாசலுக்கு வந்துவிடுகிறோம். நியூயார்க்கில் அமைத்த புதிர்ப்பாதையின் வெளிவாயில் விளிம்பில் இருந்தபடியால், சுவரைப் பிடித்த முட்டாள் எலி தலைதெறிக்க ஓடி முதலில் வெளியே வந்துவிட்டது. நின்று, பார்த்து, யோசித்து, ஞாபகம் வைத்துக்கொண்ட புத்திசாலி எலிகள் பின்தங்கிவிட்டன. உலக வாழ்க்கையில் இது நடக்காத காரியமா என்று ஒரு வேதாந்தி கேட்கலாம்; ஆனால் போட்டி நடத்தியவர்களுக்கு அது பெரிய மனத்தாங்கலாகப் போயிற்று.

அந்தத் தவற்றைத் திருத்தினவர் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் பாலிடெக்னிக்கில் ஆசிரியராக இருந்த ஜான் பில்லிங்ஸ்லி. அவர் செய்தது ஒரே ஒரு மாறுதல்: இலக்கை விளிம்பிலிருந்து எடுத்து நடுவில் வைத்தார். நடுவிலுள்ள சுவர்களை வெளிச்சுவரோடு தொடர்பில்லாமல் தீவுபோல் விட்டுவிட்டால், சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவன், கர்ப்பக்கிருகத்தைக் காணாமலே பிராகாரத்தைச் சுற்றிச் சுற்றிப் பிரதக்ஷிணம் பண்ணிக்கொண்டிருப்பான். ஆயுள் முழுவதும் சுற்றினாலும் ஸ்வாமி தரிசனம் கிடையாது. 1980-இல் லண்டனில் இந்தப் புதிய விதியின்படி நடந்த போட்டியில் நிக் ஸ்மித் என்பவருடைய 'ஸ்டெர்லிங் மவுஸ்' வென்றது. அது நடுவைக் கண்டது மாத்திரம் அல்ல, தான் கண்டது நடுதான் என்பதையும் அறிந்திருந்தது என்பார்கள். முன்னதைவிடப் பின்னதுதான் பெரிய காரியம். அதே ஆண்டில் ஜப்பானியரும் தொடங்கினார்கள். 1985 ஆகஸ்டில் ட்ஸுகுபா நகரில் அவர்கள் நடத்திய உலகப் போட்டியில், அவர்களுடைய நாட்டு எலியாகிய நோரிகோவே முதற்பரிசைத் தட்டிக்கொண்டு போயிற்று. அன்று முதல் இந்த வித்தைக்குத் தலைமைப் பீடம் ஜப்பானே.

இனி, எலி எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். கணக்கு என்று யாரும் மிரள வேண்டியதில்லை, கூட்டல் தெரிந்தால் போதும்.

புதிர்ப்பாதையில் மொத்தம் 256 கட்டங்கள். புறப்படுவதற்கு முன்பே, உள்ளே சுவர் என்று ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொண்டு, எலி தன் ஞாபகத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் கொடுத்துவிடுகிறது. நடுக்கட்டங்கள் நான்குக்கும் 0. அவற்றை ஒட்டினவற்றுக்கு 1. அவற்றுக்கும் அப்பால் 2. இப்படியே எண்ணிக்கொண்டு போனால் புறப்படும் மூலைக்கு 14. இந்த எண்களை மேடு பள்ளமாகப் பாவித்துக்கொண்டால், மைதானம் முழுவதும் நடுவை நோக்கிச் சரிந்து கிடக்கும். மடை திறந்த தண்ணீர் யாரையும் வழி கேட்பதில்லை. தாழ்ந்த பக்கம் பார்த்துப் போகிறது. எலி செய்வதும் அதுவே: தான் இருக்கும் கட்டத்தைவிடக் குறைந்த எண்ணுள்ள பக்கத்துக் கட்டத்துக்குப் போவது.

சுவர் குறுக்கிட்டால்? 10 என்று குறித்த கட்டத்திலிருந்து 9 என்று குறித்த கட்டத்துக்குள் எலி நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். நுழைந்து பார்த்தால் மூன்று பக்கமும் சுவர், முட்டுச்சந்து. வந்த வழியைத் தவிர வேறு போக்கில்லை. வந்த வழியோ 10. ஆகவே இந்தக் கட்டத்துக்கு 9 என்று கொடுத்தது பொய். 10-க்கு மேல் ஒன்று கூட்டி 11 என்று திருத்துகிறது. இது 11 ஆகிவிட்டால், பக்கத்தில் வேறு பள்ளம் இல்லாத அந்த 10-ம் பொய்யாகிறது. அது 12 ஆகிறது. அது 12 ஆனதும் முட்டுச்சந்து 13 ஆக உயர்கிறது. பொய்ப்பள்ளங்கள் இப்படி ஒவ்வொன்றாகத் தூர்ந்து மேடாக, அங்கே தேங்கி நின்ற எலி, நீர்மட்டம் உயர்ந்து வேறு வாய்க்காலில் வழிவதுபோல, மெய்யான பள்ளத்தை நோக்கித் தானே திரும்பிவிடுகிறது. முதலில் எங்கும் சுவரில்லை என்று பரிபூரணமாக நம்பிவிட்டு, ஏமாந்த இடத்தில் மாத்திரம் திருத்திக்கொள்ளும் இந்த முறையைவிட எளிதானதை நான் அறியேன். இதற்கு வேண்டிய ஞாபகசக்தியும் அற்பம். கட்டத்துக்கு ஓர் எழுத்து அளவு வீதம் 256 எழுத்துகள் போதும், சுவர்கள் எல்லாவற்றையும் குறித்துவிடலாம். தபால் கார்டில் நெருக்கி எழுதுகிறவர்கள் இதைவிட அதிகமாக எழுதிவிடுவார்கள்.

நடுவை அடைந்ததும் நல்ல எலி நின்றுவிடுவதில்லை. வந்த வழி குறுக்கு வழிதானா என்ற சந்தேகம் அதற்கு இருக்கும். ஆகவே திரும்பும்போது காணாத சந்துகளை எல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு மூலைக்கு வருகிறது. அதன் பிறகுதான், ஊர் முழுவதும் தெரிந்துகொண்டவனுடைய நிச்சயத்தோடு, கண்மூடித் திறப்பதற்குள் ஓடுகிறது.

இவ்வளவும் 1980-க்குப் பின் சில ஆண்டுகளுக்குள்ளேயே தீர்ந்துபோன பிரச்சினை என்று சொன்னால் வாசகர்கள் ஆச்சரியப்படலாம். வழி கண்டுபிடிக்கும் புத்திக்கு இன்று போட்டியே இல்லை. கல்லூரிப் பையன் ஒருவன் அதை ஒரு சாயங்காலத்தில் எழுதிவிடுகிறான். பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இத்தனை பேர் எதற்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், நேராக நடப்பதற்காக.

வெறும் வார்த்தை அன்று இது. எலிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிவது, சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றிற்று என்ற கணக்கால்தான். சக்கரத்தின் அளவில் நூற்றில் ஒரு பங்கு பிசகு இருந்தால், 16 கட்டம் நேரே ஓடுவதற்குள் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் தவறிவிடும். 90 பாகை திரும்ப வேண்டிய இடத்தில் 2 பாகை குறைத்துத் திரும்பினால், ஐந்தே கட்டங்களில் மறுபடி 3 சென்டிமீட்டர் பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். சுவருக்குச் சுவர் உள்ள இடைவெளி 16.8 சென்டிமீட்டர், எலியின் அகலம் 8 என்றால் இருபுறமும் எஞ்சியிருப்பது 4.4. இரண்டு திருப்பம் இப்படிப் பிசகினால் போதும், மகாபுத்திசாலியான எலி, 'நான் இருப்பது இன்ன கட்டம்' என்ற திடமான ஞானத்தோடு, வேறொரு கட்டத்தின் சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

இதைப் புஸ்தகத்தில் படித்தபோது எனக்கு நம்பிக்கை ஏற்படவில்லை. சென்னையில் எஞ்சினீயரிங் படிக்கும் என் தங்கை மகன், ஒரு விடுமுறையில் எலி கட்ட ஆரம்பித்து, என் வீட்டுக் கூடத்தை ஆக்கிரமித்துக்கொண்டபோதுதான் ஏற்பட்டது. அண்ணா சாலைக்குப் பக்கத்திலுள்ள ரிச்சி தெருவுக்கு நானும் துணைக்குப் போனேன். இரண்டு மோட்டார், இரண்டு சக்கரம், சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் என்கோடர், திரும்பும் வேகத்தைச் சொல்லும் கைரோ சில்லு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசும் சின்னஞ்சிறு விளக்குகள் நான்கு, சுவரில் பட்டுத் திரும்பும் அந்த ஒளியை வாங்கிக்கொள்ளும் கண்கள் நான்கு, லித்தியம் பேட்டரி, இவை எல்லாவற்றையும் ஆளும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர். ஒரு மஞ்சள் பையில் எல்லாம் அடங்கிவிட்டன. பையை ஆட்டிப் பார்த்தால் மிளகு டப்பாவைப்போல் சத்தம் வந்தது.

முதல் தொல்லை மோட்டாரில் தொடங்கியது. ஒரே கடையில், ஒரே டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்த இரண்டு மோட்டார்கள்; "ஒரே லாட்டு சார், ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமே இருக்காது" என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். எலியைத் தரையில் விட்டால், ஜோடி மாட்டில் ஒன்று இழுக்க ஒன்று சோம்பி நிற்கும் வண்டியைப்போல, அது இடது பக்கமாகவே வளைந்து வளைந்து சோபாவுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. இரண்டு மோட்டார்கள் ஒன்றுபோல் சுற்றுவது என்பது உலகத்தில் இல்லாத விஷயம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சக்கரங்களின் சுழற்சியை ஒரு நொடியில் ஆயிரம் தடவை எண்ணிப் பார்த்து, பின்தங்குவதற்குக் கொஞ்சம் அதிகமாகவும் முந்துவதற்குக் கொஞ்சம் குறைவாகவும் மின்சாரத்தை ஊட்டிக்கொண்டே இருந்தால் ஒழிய எந்த எலியும் நேரே போகாது. அந்த ஊட்டலும் காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி. இரண்டு அறை கொண்ட லித்தியம் பேட்டரி நிறைந்திருக்கும்போது 8.4 வோல்ட் தருகிறது, ஓட ஓட 7-க்கு இறங்குகிறது. பேட்டரி இளைத்ததை எலி கவனிக்காவிட்டால், காலையில் சரியாகத் திரும்பிய மூலையில் சாயங்காலம் அரைகுறையாகத் திரும்பி நிற்கும்.

கூடத்தில் பிளைவுட்டை அறுத்து 4-க்கு 4 கட்டமாக ஒரு சிறு புதிர்ப்பாதை அமைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காலையெல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த எலி, திடீரென்று திறந்த வழியின் நடுவில் நின்று, ஏதோ கண்டு பயந்ததுபோல் திரும்பி ஓடிற்று. மறுபடி விட்டான், மறுபடியும் அதே இடம், அதே பயம். ஸ்க்ரூவை முடுக்கினான், சால்டர் வைத்த இடங்களை எல்லாம் பூதக்கண்ணாடியில் பார்த்தான், புரோகிராமை இரண்டு முறை வரி வரியாகப் படித்தான். ஒரு மணி நேரம் கழித்து, தரையில் குப்புறப் படுத்து எலியின் மட்டத்துக்குத் தன் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தவன், எழுந்திருக்காமலே சொன்னான்:

"மாமா, அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்துங்களேன்."

சாத்தினேன். எலி நேரே போயிற்று.

"வெயிலச் சுவர்னு நெனச்சுக்குது மாமா."

சூரிய வெளிச்சத்தில் அகச்சிவப்பு ஒளி ஏராளம். சுவரில் பட்டுத் திரும்பும் சொற்ப ஒளியைத் தேடி நிற்கும் கண்ணில் வெயில் விழுந்தால், அதற்கு உலகமே சுவராகத்தான் தோன்றும். கெட்டிக்காரர்கள் இதற்கு ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். விளக்கை அணைத்து ஒரு தடவை பார், ஏற்றி ஒரு தடவை பார், இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழி. மிஞ்சுவது உன் விளக்கின் ஒளி, கழிந்துபோனது ஊர் வெளிச்சம். அவனும் அதைச் செய்துதான் வைத்திருந்தான். ஆனால் நேர் வெயிலில் கண் கூசிப்போய்விட்டால், கழிப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. எலிப் பந்தயங்களில் காமிராவின் ஃபிளாஷ் வெளிச்சத்தைப் போட வேண்டாம் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வதன் ரகசியம் அன்று எனக்கு விளங்கிற்று.

உலகப் புகழ் பெற்ற எலிகளின் சரித்திரமும் இப்படிப்பட்ட சில்லறைத் தொல்லைகளின் சரித்திரமே. மாடிப்படிபோல் வலது இடது வலது இடது என்று மாறி மாறி வளையும் வழியில், ஒவ்வொரு மூலையிலும் திரும்பாமல் ஏன் ஒரே சாய்வாக ஊடுருவிப் போகக் கூடாது என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. போகலாம், கட்டத்துக்கு 18 சென்டிமீட்டர் நடப்பதற்குப் பதில் 12.7 நடந்தால் போதும். ஆனால் அந்தச் சாய்வில் சுவர் முனைகளுக்கு இடையே கிடைக்கும் சந்து 11 சென்டிமீட்டர்தான். ஆகவே எலிகள் எல்லாம் உடம்பை இளைத்துக்கொண்டன. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து டேவ் ஆட்டனின் 'மைட்டி' வரிசை எலிகள் இந்த வழியில் பெயர் பெற்றவை. இளைத்த எலிக்கு வேகம் வந்தது. வேகம் வந்ததும் திருப்பங்களில் சக்கரம் சறுக்கிற்று. ஜப்பானியக் கம்பெனியாகிய கியோஷோ விற்கும் 'மினி-இஸட்' என்னும் பொம்மைக் காரின் ரப்பர் டயரைப் பலர் பொறுக்கி எடுத்து மாட்டினார்கள். அதுவும் போதாமற் போகவே, எலியின் முதுகில் ஒரு சிறு மின்விசிறியை வைத்து, வயிற்றுக்கடியிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்து, தரையோடு அதை ஒட்டிக்கொள்ளச் செய்தார்கள். பல்லி சுவரைப் பிடித்துக்கொள்வதுபோல், தன் எடைக்குப் பல மடங்கு பலத்தோடு தரையைப் பற்றிக்கொண்டு ஓடும் எலியை நம் கண்ணால் தொடர முடிவதில்லை. விசிறியின் கீச்சுக் குரல் எழும்புகிறது, வெள்ளைச் சுவர்களுக்கு இடையே ஏதோ ஒன்று மின்னுகிறது, அவ்வளவுதான், நடுவில் நிற்கிறது. சிங்கப்பூர் நீ ஆன் பாலிடெக்னிக்கைச் சேர்ந்த இங் பெங் கியட் செய்த 'மின்7' என்ற எலி 2011-இல் ஜப்பானில் ஓடிய நேரம் 3.921 விநாடி.

இன்னும் ருசிகரமான சங்கதி 2017-இல் ஜப்பானில் நடந்தது. குறுக்கு வழி எது என்பது எல்லா எலிகளுக்கும் தெரிந்திருக்க, 'ரெட் காமெட்' என்ற எலி அதை வேண்டுமென்றே விட்டுவிட்டு, நீளமான வழி ஒன்றில் ஓடி முதற்பரிசு பெற்றது. நீளமாயினும் அந்த வழியில் திருப்பங்கள் குறைவு. மூலைக்கு மூலை பிரேக் போட்டுத் திரும்புவதைவிட, சுற்றினாலும் ஒரே மூச்சில் ஓடிவிடுவது சீக்கிரம் என்று அது கணக்குப் போட்டது. சந்து பொந்துகளில் வண்டியை விட்டு மாட்டிக்கொண்டு, மவுண்ட் ரோடிலேயே போயிருக்கலாம் என்று நொந்துகொள்ளாத ஆட்டோக்காரர் சென்னையில் உண்டா?

எலி மாத்திரம் என்று இல்லை. 2004-ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சித் துறையாகிய டார்ப்பா, மொஹாவே பாலைவனத்தில் ஓட்டுநர் இல்லாத வண்டிகளுக்கு 10 லட்சம் டாலர் பரிசு வைத்துப் பந்தயம் நடத்தியபோது, நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட மைல்களில் ஒரு வண்டியும் ஏழரை மைலைத் தாண்டவில்லை; முன்னணியில் போன கார்னெகி மெலன் சர்வகலாசாலையின் வண்டி, ஒரு கொண்டையூசித் திருப்பத்தில் கரைமேட்டின் மேல் வயிறு மாட்டிக்கொண்டு, டயர் புகையச் சுற்றிக்கொண்டிருந்தது. மறு ஆண்டே ஐந்து வண்டிகள் முழுத் தூரத்தையும் கடந்துவிட்டன, ஸ்டான்ஃபர்ட் சர்வகலாசாலையின் 'ஸ்டான்லி' முதலாக. அந்த முதல் ஆண்டின் புகைந்த டயரையும், என் வீட்டு சோபாவுக்கடியில் சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தையும் நான் சேர்த்து நினைத்தால், தங்கை மகன் சிரிக்கிறான்.

அவன் எலியும் கடைசியில் ஒரு போட்டிக்குப் போயிற்று. ஒரு கல்லூரி விழாவில், பெரிய ஹாலின் நடுவே புதிர்ப்பாதையைப் போட்டிருந்தார்கள். சுற்றிலும் பையன்களும் பெண்களும் மடிக்கணினியைத் தரையில் வைத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரோடொருவர் போட்டி என்ற பேச்சே இல்லை; எதிரியின் எலிக்கு ஸ்க்ரூடிரைவர் கொடுக்கிறார்கள், பேட்டரி கொடுக்கிறார்கள், "உன் கைரோ டிரிஃப்ட் ஆகுதுடா" என்று புத்தியும் கொடுக்கிறார்கள். எங்கள் எலி முதல் ஓட்டத்தில் சாவதானமாகத் தேடிக்கொண்டு நடுவைக் கண்டது, திரும்பியும் வந்தது. இரண்டாவது வேக ஓட்டம். ஆறாவது கட்டம் வரையில் அம்புபோல் போயிற்று. அங்கே, தரையாகப் போட்டிருந்த இரண்டு பலகைகள் சேரும் இடத்தில், ஒரு பலகை ஒரு நகக்கனம் உயர்ந்திருந்தது. சக்கரம் அதில் தட்டித் துள்ளிற்று. துள்ளிய நேரத்தில் அந்தரத்தில் சுற்றிய சுற்றையும் நடந்த தூரமாகவே கணக்கில் சேர்த்துக்கொண்ட எலி, திருப்பம் வந்துவிட்டதென்று நம்பி, வராத திருப்பத்தில் திரும்பி, சுவரில் மூக்கை வைத்து முட்டிக்கொண்டு, சக்கரம் மாத்திரம் ஓடிக்கொண்டிருக்க நின்றது. என் கை தானாக நீண்டது. "தொடாதீங்க மாமா, தொட்டா இந்த ஓட்டம் போச்சு" என்றான். அது தானாக மீளுமா என்று சற்று நேரம் பார்த்தோம், மீளவில்லை.

இன்னும் மூன்று நிமிஷம் பாக்கி இருந்தது. எலியை எடுத்துக் கவிழ்த்து, செல்லோடேப் சுருளின் மேல் சக்கரங்களை நாலு தடவை உருட்டினான்; டேப்பில் சாம்பல் நிறத்தில் இரண்டு தூசிக் கோடுகள் படிந்தன. ஒரு குமிழைத் திருகி வேகத்தை ஒரு படி குறைத்தான். மூலையில் வைத்தான். இந்தத் தடவை பலகை இணைப்பில் எலி ஒரு சிறு விக்கல் விக்கிவிட்டுக் கடந்துபோயிற்று. நடுவைப் போய் அடைய 19 விநாடி. பதினான்கு எலிகளில் ஒன்பதாவது இடம்.

மின்சார ரயிலில் திரும்பி வரும்போது, அவன் எலியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சக்கரத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தான். மாம்பலம் தாண்டியதும் என் பக்கம் நீட்டி, டயரின் ஓரத்தில் ஓரிடத்தை நகத்தால் தடவிக் காட்டினான். பலகை விளிம்பு பட்ட இடத்தில் ரப்பர் ஒரு மயிரிழை வெட்டுப்பட்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.